மார்கழியில் பூத்த வேம்பு

1

என் நாவலில் ஒரு வேப்பமரம் தப்பான மாதத்தில் பூக்கிறது. அதைத் திருத்துவதற்குப் பதிப்பாளர் எனக்குப் பத்து நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்.

அவர் கோயம்புத்தூர்க்காரர். திட்டுவதைக்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். போன வாரம் காலையில், பேருந்துக்காகப் பனியில் நின்றுகொண்டிருந்தபோது அவர் குரல் வந்தது. "புக்கு வந்து ஒரு வருசம் ஆச்சுங்க. முதல் பதிப்பு தீரப்போகுதுங்க. ரெண்டாவதுக்குத் திருத்தம் ஏதாச்சும் இருந்தா அனுப்புங்க. எச்சா ஒண்ணும் கை வெக்க வேண்டாமுங்க, எழுத்துப்பிழை மட்டும் போதுங்க."

பதினோரு வருடம் எழுதிய நாவல். இரண்டாம் பதிப்பு வருகிறது என்றால் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நான் ஏறவேண்டிய பேருந்தை விட்டுவிட்டேன். அந்த வேப்பம்பூவை எடுக்க வேண்டும், எடுத்தால் கடைசி அத்தியாயமே நிற்காது. எடுக்காவிட்டால் என் அக்காவின் முகத்தில் இரண்டாம் முறை விழிக்க முடியாது.

நான் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கோயம்புத்தூர்க்காரன் வேறெங்கே போய் வேலை பார்ப்பான்? அங்கே கணபதிப் பகுதியில் பம்ப் சோதித்தவன் பத்தொன்பது வருடமாக இங்கே பம்ப் சோதிக்கிறேன். எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் தொழில். என்னைக் கவனமான ஆள் என்று கம்பெனியில் இரண்டு முறை பாராட்டியிருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

2

எழுதுவது ரயிலில். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். எதிரே உட்காரும் ஜெர்மானியர்கள் நான் மருந்துச்சீட்டு எழுதுகிறேன் என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. யாரும் கேட்டதில்லை. இங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. ஊரில் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்கிறார்கள் என்று சலித்துக்கொண்டு விமானம் ஏறியவன் நான்.

முதல் பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியை மூன்று வருடம் வைத்திருந்துவிட்டு, "எங்ககிட்டத்தான் குடுத்தீங்களா?" என்று கேட்டார். இரண்டாமவர் படித்தார். படித்திருக்க வேண்டாம். "சார், இது சுற்றுலா வந்தவன் எழுதின கொங்கு நாடு. செடி இருக்கு, பேர் இல்லை. மரம் இருக்கு, என்ன மரம்னு தெரியலை" என்றார். அன்று முழுக்கக் கோபத்தில் சாப்பிடவில்லை. அவர் சொன்னது நிஜம் என்பதால் வந்த கோபம்.

அப்போதுதான் அக்காவைப் பிடித்தேன். ருக்மணி அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். காரமடைக்குப் பக்கத்தில் தோட்டத்திலேயே குடியிருந்தாள். கறிவேப்பிலைக் காடு, கொஞ்சம் வாழை, கிணற்று மேட்டில் ஒரு வேம்பு. மாமா இறந்த பிறகு அவளும் மகன் கார்த்தியும் பார்த்துக்கொண்டார்கள். மாமா காரியத்துக்குப் போனதுதான் நான் அந்தத் தோட்டத்தைக் கடைசியாகப் பார்த்தது.

"அக்கா, வாராவாரம் ஞாயித்துக்கெழமை என்ன பூத்துருக்குது, என்ன காச்சிருக்குதுன்னு சொல்லி வாய்ஸ் அனுப்புங்க. போட்டோ வேண்டாமுங்க, வார்த்தைதான் வேணும்" என்றேன். எழுத்தாளனுக்குப் படம் ஆகாது, கற்பனையைக் கெடுத்துவிடும் என்று விளக்கம் வேறு சொன்னேன். அக்கா எட்டாம் வகுப்பு. "செரி கண்ணு, உனக்கு எது ஆகுதோ அதே பண்றேன்" என்றாள்.

அவள் சொன்னதெல்லாம் தங்கம். பொங்கலுக்குப் பூளைப்பூ பறித்து வாசலில் காப்புக் கட்டும்போது விரலில் ஒட்டும் பஞ்சு, மழைக்கு முந்தின நாள் கறிவேப்பிலை வாசம் மாறுவது, செம்போத்து வேலியோரம் நடக்கிற நடை. என் பங்குக்கு எழுவாய் பயனிலை மட்டும் சேர்த்தேன். பின்னால் விமர்சகர்கள் 'மண்ணின் மணம்' என்று எழுதியதெல்லாம் அந்தப் பக்கங்களைத்தான். நன்றி சொல்லும் பக்கத்தில் ஜெர்மன் ரயில்வேக்கு நன்றி சொல்லியிருந்தேன். அக்கா பெயர் இல்லை.

ஒரே தொல்லை, அக்கா நேராகப் பூவுக்கு வரமாட்டாள். முட்டி வலி, மோட்டார் ரிப்பேர், கார்த்தி பேசுவதில்லை, தூக்கமில்லை என்று ஆரம்பிப்பாள். பூ வருவதற்கு ஒன்றரை நிமிடம் ஆகும். இரண்டு மூன்று வாரத்தில் எனக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. பதிவைத் திறந்ததும் கட்டைவிரலால் அந்த ஒன்றரை நிமிடத்தைத் தள்ளிவிட்டு, பூவிலிருந்து கேட்பேன். நேரம் மிச்சம். ரயிலில் ஒவ்வொரு நிமிடமும் எனக்கு முக்கியம் அல்லவா.

3

ஓர் ஆடி மாதம். இங்கே கோடை. அக்காவை ஒரு மாதம் இங்கே அழைத்துவரலாம் என்று தோன்றியது. பாசம் என்று சொன்னால் பொய். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நாவலை முடித்துவிடலாம் என்பதுதான் திட்டம்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் அழைப்புப் படிவம் வாங்கக் காரில் போனோம். பக்கத்தில் மகள் யாழினி. இங்கேயே பிறந்தவள், அப்போது பதினைந்து வயது. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. பின்னால் என் புத்தகம் வந்தபோது அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, "உங்க பேர் எதுப்பா இதுல?" என்று கேட்டவள். ஞாயிறு வரவேண்டிய அக்காவின் பதிவு அந்த வாரம் திங்கட்கிழமை வந்தது. நான் ஓட்டிக்கொண்டிருந்ததால் கார் ஸ்பீக்கரில் முதலிலிருந்து ஓடியது. அக்கா என்னவோ சாமான், வண்டி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாழினி கேட்டாள். "அப்பா, அத்தை வீடு மாத்துறாங்களா?"

"இல்லடா. அத்தை எப்பவும் இப்படித்தான் புலம்பும். கொஞ்சம் தள்ளி விடு, பூ வரும்."

"அழுற மாதிரி இருக்குப்பா."

"சளி. தள்ளி விடு."

தள்ளிவிட்டாள். அந்த வாரம் வாழைப்பூ.

அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், விருந்தாளியின் முகவரி என்ன என்று கேட்டார். தோட்டத்து விலாசத்தை எழுதினேன். "இது தற்போதைய முகவரிதானே?" என்று கேட்டார். நாற்பது வருடமாக அங்கேதான் வசிக்கிறாள் என்று சொல்ல நினைத்து, என் ஜெர்மன் மொழியில், நாற்பது வருடமாக அங்கேதான் நட்டுவைக்கப்பட்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அம்மாள் சிரிக்கவில்லை. மேலே சொன்ன விவரங்கள் உண்மை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். இந்த ஊர் அரசாங்க ஊழியருக்கு வந்த சந்தேகம் உடன்பிறந்தவனுக்கு வரவில்லை. அக்கா வரவும் இல்லை. பாஸ்போர்ட் எடுக்க முடியவில்லை என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

4

அந்த வருடம் மார்கழியில் ஒரு பதிவு வந்தது. வழக்கம்போலத் தள்ளிவிட்டுக் கேட்டேன்.

"ஒரு அதிசயம் கேளு கண்ணு. நம்ம கெணத்துமேட்டு வேம்பு இந்த மார்கழில பூத்துருக்குது. பனியில வெள்ளையா உதுந்து கெடக்குது. வெடியால வாசத் தெளிக்கப் போனா காலெல்லாம் பூவு. உனக்கு நம்பிக்கை வருதா?"

நம்பிக்கை பொங்கிக்கொண்டு வந்தது. நாவலுக்கு முடிவு கிடைக்காமல் இரண்டு வருடமாகத் திண்டாடிக்கொண்டிருந்தேன். எல்லாம் இழந்த ஒருத்தி, விடியற்காலையில், காலம் தவறிப் பூத்த மரத்தடியில் வந்து நிற்கிறாள். அவ்வளவுதான். ஒரே வாரத்தில் கடைசி அத்தியாயம் முடிந்தது. ரயிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூன்றாவது பதிப்பாளரான இந்தக் கோயம்புத்தூர்க்காரர் படித்துவிட்டு, "கடைசி அத்தியாயத்துல மனசு நெம்பிருச்சுங்க, போட்டுருவோமுங்க" என்றார்.

வேம்பு பங்குனி சித்திரையில் பூக்கும் என்பது வருடப்பிறப்புக்கு வேப்பம்பூ பச்சடி சாப்பிட்ட குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். காலநிலை மாறிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அத்தோடு விடாமல், என் அக்காவின் வேம்பு உலகத்துக்கு விடுக்கும் எச்சரிக்கை என்று ஒரு பத்திரிகையில் நான்கு பக்கம் எழுதினேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று அக்கா சொன்னாள். நான் சட்டியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

5

ஒரு வருடம் கழித்து, தை மாதம் கோயம்புத்தூரில் வெளியீட்டு விழா. முட்டி வலி, வர முடியாது என்று அக்கா சொல்லிவிட்டாள். விழாவுக்கு மறுநாள் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விழாவுக்கு முந்தின மார்கழியிலும் வேம்பு பூத்திருக்கிறது என்று பதிவு வந்திருந்ததால், அதைத் தொட்டுப் பார்க்கிற ஆசையும் இருந்தது.

பேசி முடித்ததும் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். வெள்ளை வேட்டி, கையில் என் புத்தகம், நடுவில் பேருந்துச் சீட்டு செருகியிருந்தது. அன்னூர்ப் பக்கத்து விவசாயி, பெயர் வேலுச்சாமி என்று சொல்லிக்கொண்டார்.

"ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க. வேம்பு பங்குனிக்கு மேலதானுங்க பூக்கும். உங்க புக்குல மார்கழில பூக்குதுங்களே?"

மேடையும் மாலையும் மனிதனை என்ன செய்யும் என்று அன்றைக்குத் தெரிந்தது. "ஐயா மண்ணை மிதிச்சு எத்தனை வருசமாச்சுங்க? ஜெர்மனில இருக்கற எனக்குத் தெரியறது அன்னூர்ல இருக்கற உங்களுக்குத் தெரியலீங்களே" என்றேன். கூட்டம் சிரித்தது. அவரும் கூடவே சிரித்தார்.

"அப்படீங்களா. எந்த எடம்னு சொன்னீங்கன்னா நானும் ஒருக்காப் பாத்துக்குவனுங்க."

"நாளைக்கே வாங்க. எங்க அக்கா தோட்டத்துலயே காட்டறேன்."

"வாரேனுங்க" என்றார்.

சொன்னபடி வந்தார். அவர் காரிலேயே மேட்டுப்பாளையம் சாலையில் போனோம். வழியெல்லாம் மரியாதையாக ஜெர்மனி பற்றியே விசாரித்தார். அக்கா தோட்டத்துக்குத் திரும்பும் மண்பாதை இருந்த இடத்தில் தார் ரோடு. ரோட்டின் வாயில் ஓர் அலங்கார வளைவு. வளைவுக்கு உள்ளே கறிவேப்பிலைக் காடு இல்லை, வாழை இல்லை, வீடு இல்லை. வரிசையாக மனைக்கல் நட்டு, கல்லுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். கிணற்றை மூடிவிட்டிருந்தார்கள். வேம்பு மட்டும் நின்றது. அதன் உடம்பில் மனை வரைபடத்தை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள்.

வேலுச்சாமி மரத்தடியில் போய் நின்று, தலையைத் தூக்கி, கிளை கிளையாகப் பார்த்தார். ஒரு பழுத்த இலை அவர் தோளில் விழுந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பூவு இல்லீங்க" என்றார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, "தோட்டமும் இல்லீங்களாட்ட இருக்குது" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நேற்று மேடையில் பேசியதற்கு ஒரு வார்த்தை திருப்பிக் கொடுத்திருக்கலாம். "வெயில் ஏறுதுங்க, ஒரு டீ சாப்புடலாமுங்களா?" என்று மட்டும் கேட்டார். என் வாழ்நாளில் அவ்வளவு பலமாக யாரும் என்னை அடித்ததில்லை.

நான் அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, தோட்டத்துக்கு வந்துருக்கறேன்."

"அங்க எதுக்குக் கண்ணு போனே? அங்க யாரு இருக்கறாங்க?"

"நீங்க எங்க இருக்கறீங்க?"

"சிங்காநல்லூர்ல, கார்த்தி ஊட்டுல. வந்து ஒன்றரை வருசமாச்சு" என்றாள். பிறகு, "இப்பத்தான் கேக்கறே" என்றாள்.

6

நாலாவது மாடி. கதவைத் திறந்தவளை ஒரு கணம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இளைத்திருந்தாள். கார்த்தியும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவள் அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர் அடுக்ககத்தின் கழிவுநீர்க் குழாய்கள். ஒன்றரை வருடம் எனக்கு வாழைப்பூவும் புங்கம்பூவும் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் சொல்லியிருக்கிறாள்.

அரிசியும் பருப்பும் போட்ட சாதம் ஆக்கி வைத்திருந்தாள். நெய் ஊற்றினாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கெணறு வத்திப்போச்சு. கார்த்திக்கு வெவசாயம் ஆவுல. குடுத்துப்போட்டு இங்க வந்துட்டோம்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே அக்கா."

"நாலு ஞாயித்துக்கெழமை சொன்னேன். சாமான் ஏத்தற அன்னைக்கு வண்டிக்குள்ள உக்காந்து சொன்னேன். நீ அடுத்த வாரம், வாழைப்பூ நெம்ப நல்லாருந்துச்சுக்கான்னு சொன்னே."

கவளத்தைத் தட்டில் வைத்தேன். எப்படி நடந்தது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். முதல் ஒன்றரை நிமிடத்தை நான் கேட்பதே இல்லை என்பதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

அக்கா கோபப்படவில்லை. "அதெப்படித் தள்றது? காட்டு" என்று தன் கைப்பேசியை நீட்டினாள். கட்டைவிரலை வைத்து இழுத்துக் காட்டினேன். அவளும் ஒருமுறை செய்து பார்த்தாள். "ஓ, இத்தனை சுளுவா" என்றாள்.

"மார்கழில வேம்பு பூத்துச்சுன்னு ஏனுங்க சொன்னீங்க?"

"அப்பவாச்சும், 'அக்கா உனக்குக் கிறுக்குப் புடிச்சுதா, எங்க இருக்கறே நீயி'ன்னு கேப்பேன்னு பாத்தேன். நீ கதை எழுதிப்போட்டே. செரி, ஒருக்காத் தவறிப்போச்சுன்னு அடுத்த மார்கழிலயும் பூக்க உட்டுப் பாத்தேன்."

மேசையில் என் புத்தகம் இருந்தது. விழாவுக்கு முன்பே கடைக்கு வந்திருந்ததைக் கார்த்திதான் வாங்கி வந்திருக்கிறான். கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்தாளாம். "அந்த மரத்தடியில நிக்கறாளே ஒரு பொம்பளை, அது யாரு?"

"நீங்கதானுங்க அக்கா."

"நானா?" என்று யோசித்தாள். "எனக்கு என்னேரமும் பூவுப் பாத்துட்டு நிக்கறதுதான் பொழப்பாட்ட எழுதியிருக்கறே. கொஞ்சம் நெய்யி ஊத்தட்டுமா?"

7

ஊருக்கு வந்த பிறகு, அதாவது ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு (பார்த்தீர்களா, எது ஊர் என்று கை தானாக எழுதிவிடுகிறது), எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து கேட்டேன். பூ வரும் இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போனேன். ரயிலில் இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு வரி எழுதவில்லை.

"மருமவ நல்ல புள்ளைதான் கண்ணு, சமையக்கட்டுக்குள்ளதான் என்னய உடமாட்டேங்கறா."

"லிப்டுல ஏறவே பயமா இருக்குது. அதனால கீழ எறங்கறதே இல்ல."

"பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடலாம்னா அட்ரசு மாறிப்போச்சாம். நீ அங்க எந்த அட்ரசக் குடுத்தே?"

ஒன்றில் வெறுமனே, "கேக்கறயா கண்ணு?" என்கிறாள். பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும். நெடுநேரம் கழித்து, "செரி, பூவு சொல்றேன்" என்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் அனுப்பிய பதிலும் கீழே இருந்தது. ஒரு கைதட்டல் படம்.

8

அவகாசம் முடிவதற்குள் பதிப்பாளரிடம், வேப்பம்பூவை எடுத்துவிடுங்கள் என்றேன். "ஏனுங்க, அதுதானுங்க கதையே. அது புனைவுதானுங்களே, யாரு வந்து மரத்த எண்ணப்போறாங்க?" என்றார். ஒருவர் எண்ணிவிட்டார் என்று சொன்னேன். இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு, கடைசியில் சம்மதித்தார். இரண்டாம் பதிப்பில் அந்தப் பெண் பூக்காத மரத்தடியில் நிற்பாள். முன்பிருந்த அழகில் பாதிகூட இல்லை, எனக்கே தெரிகிறது. முதல் பக்கத்தில், இந்த நாவலின் பூக்களெல்லாம் ருக்மணி அக்கா சொன்னவை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

அதே வாரம் யாழினி என்னை இழுத்துப்போய் ஒரு மரத்தைக் காட்டினாள். பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில், பத்தொன்பது வருடமாக நான் தாண்டிப்போகிற மரம். அதன் ஜெர்மன் பெயரைத் தமிழில் சொன்னால் மந்திரக்கொட்டை என்று வரும். சுற்றிலும் பனி, ஓர் இலை இல்லை, கிளை முழுக்க மஞ்சள் பூ, நூலைப் பிய்த்து ஒட்டவைத்த மாதிரி. வருடா வருடம் இந்த மாதத்தில்தான் பூக்குமாம். மார்கழியில் பூக்காத வேம்பைக் கட்டிக்கொண்டு அழுதவனுக்கு, கண்ணெதிரே பனியில் பூக்கிற ஒன்று தெரிந்ததில்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அங்கேயே நின்று அக்காவுக்கு ஒரு பதிவு அனுப்பினேன். ஒன்பது நிமிடம். விழாவுக்குப் பிறகு வாராவாரம் நலம் விசாரித்து அனுப்புகிறேன், "நல்லாருக்கறேன்" என்று ஒற்றை வார்த்தைதான் வரும். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். மாமா போன பிறகு ஒருநாளும் உங்களை உட்கார வைத்துப் பேசாததைச் சொன்னேன். எனக்குச் சர்க்கரை வந்திருப்பதையும், யாழினி வேறு நகரத்துக்குப் படிக்கப் போகப்போவதையும், வீடு இப்போதே காலியாகத் தெரிவதையும் சொன்னேன். அழுதேன். கடைசியில், முடிக்கத் தெரியாமல், இந்த மரத்தைப் பற்றிச் சொன்னேன்.

மறுநாள் ரயிலில் பதில் வந்தது. முதல் வினாடியிலிருந்து கேட்டேன்.

"கடைசீல மஞ்சப்பூவு ஒண்ணு சொன்னயே கண்ணு, பனிக்குள்ள பூக்குதுன்னு. அது மட்டுந்தான் கேட்டேன். மித்ததெல்லாம் தள்ளி உட்டுட்டேன். நெசமாவே பூத்துருக்குதா, இல்ல நீயும் சும்மா சொல்றயா?"